உதகையா, கொடைக்கானலா?



இம்மாதம் நமது பகுதிக்கு வந்த கடிதங்களுள், குற்றாலத்திலிருந்து ஓர் இல்லத்தரசி எழுதிய கடிதத்தையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். பெயரை வெளியிட வேண்டாமென்று அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். கேள்வி சிறியதுதான்: மே மாத விடுமுறைக்குக் குடும்பத்தோடு உதகைக்குச் செல்வதா, கொடைக்கானலுக்குச் செல்வதா? வேறோர் ஊரிலிருந்து இக்கேள்வி வந்திருந்தால் நான்கு வரிகளில் பதில் எழுதி முடித்திருப்பேன். குற்றாலத்திலிருந்து வந்தமையால் அவ்வாறு செய்ய மனம் வரவில்லை.

இக்குடும்பம் பிறருடைய விடுமுறையால் வாழும் குடும்பம். வீட்டு மாடியிலுள்ள மூன்று அறைகளைச் சாரல் காலத்தில் வாடகைக்கு விடுகிறார்கள். கணவர் அருவிக்குச் செல்லும் சாலையில் நேந்திரங்காய் வறுவலும் பழங்களும் விற்கிறார். ஆனி பிறந்து, தென்மேற்குக் காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியே புகுந்து சாரல் தூவத் தொடங்கிவிட்டால், ஆவணி முடியும்வரை அவ்வீட்டில் எவருக்கும் ஓய்வில்லை. அந்த மூன்று மாத வருவாயில்தான் மற்ற ஒன்பது மாதங்களும் ஓட வேண்டும். வெயில் முகம் காட்டாத நாட்களில் விருந்தினரின் படுக்கை விரிப்புகளைத் துவைத்து உலர்த்துவதே தமது பெரும்பாடு என்று சகோதரி எழுதியிருக்கிறார். “பதினெட்டு வருடங்களாக ஊர் உலகமெல்லாம் எங்கள் ஊருக்கு விடுமுறைக்கு வருகிறது. நாங்கள் ஒரு நாளும் விடுமுறைக்குப் போனதில்லை” என்பது அவருடைய வாக்கியம்.

இவ்வாண்டு போயே தீருவது என்று முடிவு செய்திருக்கிறார்கள். மூத்த மகள் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டாள். செவிலியர் படிப்புக்காகப் பெங்களூரு செல்லவிருக்கிறாள். இனி அவள் வீட்டிற்கு வருவது விருந்தாளியைப் போலத்தான். ஏழாம் வகுப்பு படிக்கும் மகனுக்கு உதகை மலை ரயில் வேண்டும். மகளுக்குக் கொடைக்கானல் வேண்டும். கணவர், எதுவானாலும் சரி, செலவைப் பார்த்துக்கொள் என்கிறார். எழுபத்து நான்கு வயதான மாமியாருக்கு மழைக்காலத்தில் இழுப்பு வருவதுண்டு. அவர், “நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் போய்வாருங்கள்” என்று சொல்லிவிட்டார். கைவசம் இருப்பது ஒரு சீட்டுப் பணம். எல்லாருடைய விருப்பத்தையும் எழுதிய சகோதரி, தமது விருப்பம் இன்னதென்று ஓரிடத்திலும் எழுதவில்லை என்பதை நான் கவனிக்காமல் இல்லை.

முதலில் இரண்டு ஊர்களையும் பற்றிச் சிறிது சொல்கிறேன். உதகமண்டலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. கொடைக்கானல் அதைவிடச் சற்றே தாழ்ந்தது, ஏறத்தாழ 2,130 மீட்டர். இரண்டுமே வெள்ளையர் காலத்தில் நகரங்களாக உருக்கொண்டவை. கோயம்புத்தூர்க் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் நீலகிரிக்கு ஏறினார். 1822-இல் உதகையில் தமக்கென ஒரு கல் வீடு கட்டத் தொடங்கினார். அடுத்த சில ஆண்டுகளில் ஏரியையும் உண்டாக்கினார். அவர் உதகையைக் ‘கண்டுபிடித்தார்’ என்று பாட நூல்களிலும் வழிகாட்டி நூல்களிலும் எழுதுவார்கள். அவர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பிருந்தே தோதவர்கள் அங்கே தங்கள் மந்துகளில் எருமை மேய்த்து வாழ்ந்து வந்தனர் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். பிற்காலத்தில் சென்னை மாகாணத்தின் ஆட்சியே கோடைக்காலத்தில் உதகைக்கு இடம் பெயர்ந்தது. ஆகவே உதகை அரசாங்கத்தார் வளர்த்த ஊர். கட்டடங்களிலும் அந்தத் தோரணை உண்டு. 1848-இல் தொடங்கப்பெற்ற தாவரவியல் பூங்கா இன்றும் கண்ணுக்கு விருந்து. புனித ஸ்தேவான் ஆலயத்தின் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டினத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து கொண்டுவரப்பட்டவை. அவ்வளவு பாரமான மரங்களை மேலே ஏற்றிய மனிதரும் மாடும் யானையும் பட்ட பாட்டை எண்ணிப் பார்க்கத் தோன்றும்.

கொடைக்கானலின் கதை வேறு. அதன் தொடக்கம் நோய். மதுரை வட்டாரத்தில் பணிபுரிந்த அமெரிக்க மிஷன் குருமாரும் அவர்தம் மனைவி மக்களும் காய்ச்சலாலும் பேதியாலும் அடுத்தடுத்து மடிந்தனர். தப்பிப் பிழைக்க இடம் தேடியவர்கள் முதலில் சிறுமலையைச் சோதித்தனர். அங்கும் காய்ச்சல் விடவில்லை. ஆகையால் இன்னும் உயரமான பழனி மலைக்குச் சென்று, 1845-இல் கொடைக்கானலில் இரண்டு வீடுகளைக் கட்டினர். அக்காலத்தில் பெரியகுளத்துப் பக்கத்து அடிவாரத்திலிருந்து நடந்தோ, குதிரை மீதோ, கூலியாட்கள் சுமந்த டோலியிலோதான் ஏற வேண்டும். மோட்டார்ச் சாலை முதல் உலகப் போர்க் காலத்தையொட்டித்தான் வந்தது. மதுரைக் கலெக்டராக இருந்த வீர் ஹென்றி லெவிஞ்ச் 1863-இல் ஓடைகளுக்குக் குறுக்கே கரை கட்டி ஏரியை உண்டாக்கினார். அதில் விடப்பட்ட முதற்படகு நமது தூத்துக்குடியிலிருந்து வந்ததென்பார்கள். பிரெஞ்சு இயேசு சபைக் குரு லூயி சேன்சீர் கட்டிய சலேத் மாதா ஆலயமும் அந்த 1860-களைச் சேர்ந்ததே. அக்கோயிலின் திருவிழா ஆகஸ்டு மாதத்தில். அப்போது குற்றாலத்துச் சகோதரி விரிப்புகளை உலர்த்திக்கொண்டிருப்பார். எனவே திருவிழா அவருக்கு ஆகாது.

திருநெல்வேலிச் சீமையாருக்குக் கொடைக்கானல் அந்நிய ஊரன்று. இடையன்குடியில் அரை நூற்றாண்டுக் காலம் வாழ்ந்து, திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல், முதுமையில் கொடைக்கானலில்தான் ஓய்வு கொண்டார். 1891 ஆகஸ்டு 28-ஆம் நாள் அங்கேயே உயிர் நீத்தார். அவருடைய உடலை மலையிலிருந்து இறக்கி, நீண்ட தொலைவு கொண்டுவந்து இடையன்குடியில் அடக்கம் செய்தனர்.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும், ஏனெனில் இது குற்றாலத்தாருக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. கொடைக்கானலில் ஒரு சூரிய ஆராய்ச்சி நிலையம் உண்டு. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சத்திற்குப் பின், பருவமழை ஏன் பொய்க்கிறது, அதனை முன்கூட்டி அறிய வழி உண்டா என்று அரசு தவித்தது. சூரியனின் புள்ளிகளுக்கும் மழைக்கும் தொடர்பிருக்கலாம் என்று அக்கால அறிஞர் பலர் கருதினர். அந்த நம்பிக்கையும் சேர்ந்துதான் 1899-இல் அம்மலையுச்சியில் ஆராய்ச்சி நிலையத்தைத் தோற்றுவித்தது. மழை இரகசியம் எதிர்பார்த்தபடி பிடிபடவில்லை. ஆயினும் ஜான் எவர்ஷெட் என்பார் 1909-இல் அங்கே சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். அது இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. நூறாண்டுக்கும் மேலாகச் சூரியனை நாள்தோறும் படம் பிடித்துச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். வானத்தைப் பார்த்து ஆனி மாதத்தை எண்ணும் ஒரு வியாபாரி அவ்விடத்தைப் பார்க்காமல் இறங்கிவிடக் கூடாது. பார்வையாளரை அனுமதிக்கும் நேரத்தை முன்னரே விசாரித்துக்கொள்ளுங்கள்.

இனி வழியைப் பார்ப்போம். இங்கேதான் தராசு சாயத் தொடங்குகிறது. தென்காசியிலிருந்து காலை ரயிலில் மதுரை சேர்ந்து, ஆரப்பாளையத்தில் கொடைக்கானல் பேருந்து பிடித்தால், வத்தலக்குண்டு வழியாக மாலைக்குள் மலையில் இருக்கலாம். மொத்தம் முந்நூறு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். உதகையோ நானூறு கிலோமீட்டருக்கும் அப்பால். மதுரை, கோவை, மேட்டுப்பாளையம் என்று மாறி மாறிச் செல்ல வேண்டும். அண்மை ஆண்டுகளில் திருநெல்வேலியிலிருந்து தென்காசி வழியாக மேட்டுப்பாளையத்திற்கு வாரம் ஒரு சிறப்பு ரயில் விட்டிருக்கிறார்கள். அது இவ்வாண்டு ஓடுமா, எந்தக் கிழமையில் ஓடும் என்பதைத் தென்காசி நிலையத்தில் கேட்டறிக. அது கிடைத்தாலும், ஒரு நாள் போக்கும் ஒரு நாள் வரவும் வழியிலேயே கழியும். ஐந்தே நாள் உள்ள குடும்பத்திற்கு இது பெரிய இழப்பு.

மலை ரயிலின் பெருமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-லும், உதகை வரை 1908-லும் அப்பாதை திறக்கப்பட்டது. நாற்பத்தாறு கிலோமீட்டர். பதினாறு குகைகள். கல்லாறு நிலையம் தாண்டியதும் தண்டவாளங்களின் நடுவே பற்சட்டம் ஒன்று தொடங்கும். எஞ்சினின் பற்சக்கரம் அதனைக் கவ்விக் கவ்வி, வண்டியைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஏறும். பன்னிரண்டு அடி சென்றால் ஓரடி உயரும் அளவுக்குச் செங்குத்து. 2005-இல் யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. அந்தப் பையனுடைய ஆசை நியாயமானதே. ஆனால் மே மாதத்தில் அவ்வண்டியில் இடம் கிடைப்பது அரிது. பயண நாளுக்கு அறுபது நாட்களுக்கு முன்பு முன்பதிவு திறந்த உடனேயே இடங்கள் தீர்ந்துவிடுகின்றன. மேலும், ஏறத்தாழ ஐந்து மணி நேரம் நெருக்கமான இருக்கையில் மூதாட்டி அமர்ந்து வர வேண்டும். நம்பிச் சென்று இடம் கிடைக்காமல் பேருந்தில் ஏறும்போது அச்சிறுவன் முகத்தை யார் பார்ப்பது?

அவனுக்கு வேறொரு வழி இருக்கிறது. அதுவும் வாசற்படியிலேயே இருக்கிறது. உங்கள் வீட்டிலிருந்து சிறிது தொலைவிலுள்ள செங்கோட்டையிலிருந்து புனலூர் வரை நாற்பத்தொன்பது கிலோமீட்டர் மலைப்பாதையில் ரயில் ஓடுகிறது. 1904-இல் திறக்கப்பட்ட அந்தப் பாதை அகலப்பாதையாக மாற்றப்பட்டு 2018-இல் மீண்டும் முழுமையாகத் திறக்கப்பட்டது. பகவதிபுரம் தாண்டிக் குகைக்குள் நுழையும்போது தமிழ்நாட்டு வெயில், வெளியே வந்தால் கேரளத்துப் பசுமை. கழுதுருட்டியில் பதின்மூன்று கண் பாலம். பற்சக்கரம் இல்லை, நீராவி இல்லை என்று பையன் குறை சொல்லக்கூடும். சொல்லட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மகனும் மட்டும் போய் மாலையில் திரும்பலாம். குற்றாலத்துப் பிள்ளைகளில் எத்தனைபேர் அந்த வண்டியில் ஏறியிருக்கிறார்கள் என்பது ஐயமே. தென்காசிப் பெரிய கோபுரத்தின் உச்சிக்கு ஏறிப் பார்த்த தென்காசிக்காரர்களும் அப்படித்தான் குறைவு.

அடுத்து மாமியார். இதில் நான் சிறிது கண்டிப்பாகவே எழுத வேண்டியிருக்கிறது. “நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்” என்னும் சொல்லை அப்படியே ஏற்றுக்கொண்டு புறப்பட்டுவிடாதீர்கள். செலவையும் இடைஞ்சலையும் எண்ணியே நம் வீட்டு மூத்தோர் அவ்வாறு சொல்வது வழக்கம். அதே சமயம், இழுப்புள்ளவரை மருத்துவரிடம் கேளாமல் ஏழாயிரம் அடிக்கு ஏற்றுவதும் தவறு. மே மாதத்திலும் இவ்விரு ஊர்களிலும் இரவில் பன்னிரண்டு பாகை அளவுக்குக் குளிர் இறங்கும். பனிமூட்டமும் ஈரக்காற்றும் உண்டு. இழுப்புக்காரருக்கு உயரத்தைக் காட்டிலும் இந்தக் குளிரும் ஈரமுமே பகை. முதலில் அவரை மருத்துவரிடம் அழைத்துச் சென்று, உயரத்தையும் குளிரையும் எடுத்துச் சொல்லி, தெளிவான பதில் பெறுங்கள். போகலாம் என்றால், இழுப்பு மருந்தைப் பெட்டிக்குள் வைக்காமல் கைப்பையில் வையுங்கள். மலைப்பேருந்தில் முன்வரிசை இருக்கை அவருக்கு. வளைவுகளில் தலைசுற்றல் வராதிருக்க வயிறு நிறைய உண்ணாமல் ஏறட்டும். போகக்கூடாது என்று மருத்துவர் சொன்னால், அதை அவரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டு, அவர் விரும்பும் உறவினரை அந்த ஐந்து நாளும் வீட்டில் வந்து தங்கச் சொல்லுங்கள். காவலுக்கு ஆளாக அவரைத் தனியே விட்டுச் செல்வது மட்டும் வேண்டாம்.

நடப்பதற்கு எந்த ஊர் எளிது என்று பார்த்தாலும் கொடைக்கானலே முந்துகிறது. ஏரியைச் சுற்றி ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் சாலை பெரும்பாலும் சமமானது. முழுதும் நடக்க வேண்டுமென்பதில்லை. மூதாட்டி ஒரு கல்லிருக்கையில் அமர்ந்து படகுகளைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். 1872-இல் கோக்கர் என்னும் அதிகாரி அமைத்த நடைபாதை மலை விளிம்பை ஒட்டியது. மேகம் விலகிய காலைகளில் கீழே வைகைச் சமவெளி தெரியும். பிரையண்ட் பூங்கா அருகிலேயே உள்ளது. தூண்பாறையை வண்டியிலிருந்து இறங்கிய இடத்திலேயே பார்த்துவிடலாம். மகள் ‘குணா குகை’ என்று கேட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். 1991-இல் வந்த திரைப்படத்தால் அப்பெயர் பெற்ற பள்ளம் அது. 2006-இல் கேரள இளைஞர் ஒருவர் அதில் விழுந்து மீட்கப்பட்ட கதை 2024-இல் மலையாளத்தில் படமாக வந்த பிறகு அங்கே கூட்டம் பெருகிவிட்டது. குகைக்குள் எவரையும் விடுவதில்லை. வேலிக்கு இப்பால் நின்று மரவேர்களைப் பார்க்கலாம், அவ்வளவே. குறிஞ்சி பூத்திருக்கிறது என்று எவரேனும் வண்டிக்கு அழைத்தாலும் ஏமாற வேண்டாம். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2018-இல் பூத்தது. அடுத்த முறை 2030-இல்.

கூட்டத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது! சனி ஞாயிறுகளில் குற்றாலம் படும் பாட்டை அங்கேயும் காண்பீர்கள். சென்னை உயர்நீதிமன்ற ஆணையின்படி 2024 மே 7 முதல் இவ்விரு ஊர்களுக்கும் செல்லும் வெளியூர் வாகனங்கள் இ-பாஸ் பெற வேண்டியதாயிற்று. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வாரநாட்களில் நாலாயிரம், வார இறுதியில் ஆறாயிரம் வாகனங்கள் என்றும், நீலகிரிக்கு முறையே ஆறாயிரம், எட்டாயிரம் என்றும் வரம்பு விதித்தனர். அரசுப் பேருந்தில் செல்பவர்களுக்கு இத்தொல்லை இல்லை. வாடகைக் கார் எடுப்பதாயின் இவ்வாண்டு விதியை முன்கூட்டியே விசாரியுங்கள். திங்கட்கிழமை புறப்பட்டு வெள்ளிக்கிழமை இறங்கிவிடுவதே அறிவுடைமை. அறையின் வாடகையும் அப்போது சற்று இறங்கும். வாடகை பேசும் கலையை உங்களுக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. நெகிழிப் புட்டிகளுக்கு இரு மலைகளிலும் தடை உண்டு. ஆகவே எவர்சில்வர் செம்பு கொண்டு செல்லுங்கள்.

பணம் மிச்சமாகும் என்று எண்ணி, சமையலறையோடு கூடிய வீட்டை வாடகைக்கு எடுக்க வேண்டாம். அடுப்பு இருந்தால் அது யார் கையில் வந்து சேரும் என்பது நமக்குத் தெரியும். அங்கேயும் காலையில் ஐந்து பேருக்குக் காப்பி போட்டு, பாத்திரம் கழுவி, ‘கிளம்புங்கள், கிளம்புங்கள்’ என்று குரல் கொடுத்துக்கொண்டிருப்பதானால் சகோதரி குற்றாலத்திலேயே இருந்துவிடலாம். பயணச் செலவில் கொடைக்கானல் மிச்சப்படுத்தித் தரும் தொகையை உணவு விடுதிக்குக் கொடுங்கள். கணவர் கணக்குக் கேட்டால் இப்பக்கத்தைக் காட்டுங்கள். அவர் விரித்த படுக்கையில் அவர் படுத்தெழட்டும், அதை மறுநாள் வேறொருவர் துவைக்கட்டும்.

ஆகவே இக்குடும்பத்திற்கு, இவ்வாண்டுக்கு, கொடைக்கானலே பொருத்தம் என்பது என் முடிவு. கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து யாரேனும் கேட்டிருந்தால் உதகை என்றே சொல்லியிருப்பேன். முதியவர் இல்லாத குடும்பம், பத்து நாள் விடுப்பு, முன்பதிவுச் சீட்டு கையில் என்றாலும் அப்படியே.

மேலும் சில சிறு குறிப்புகள். கம்பளி உடைகளைப் புதிதாக வாங்கிப் பணத்தைக் கரைக்க வேண்டாம். உற்றார் வீடுகளில் கேட்டால் கிடைக்கும். பழனி மலைக் குளிருக்கு நம் இலக்கியத்தில் முதலில் போர்வை கிடைத்தது ஒரு மயிலுக்குத்தான். கொடுத்தவன் பேகன் என்று பையனுக்கு வழியில் கதை சொல்லலாம். மலை ஓடைகளில் பிள்ளைகளை இறங்க விடாதீர்கள். 2024 மே 17-ஆம் நாள் பழைய குற்றாலத்தில் திடீரெனப் பெருகிய வெள்ளம் பதினேழு வயதுப் பிள்ளையொருவனை அடித்துச் சென்றது உங்கள் கண்முன் நடந்தது. மேலே பெய்யும் மழை கீழே நிற்பவனுக்குத் தெரிவதில்லை. திரும்பும்போது மலைப்பூண்டு வாங்கி வாருங்கள். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற சரக்கு அது, ஆண்டு முழுதும் கெடாது.

தேதியைப் பொறுத்தவரை, மே மாதத்தின் இரண்டாம் வாரத்தைத் தேர்ந்தெடுங்கள். மூன்றாம் வாரம் முடிவதற்குள் வீட்டில் இருந்தால்தான் அறைகளுக்கு வெள்ளையடித்து, ஓடு மாற்றி, சாரலுக்கு ஆயத்தமாக முடியும். மருத்துவர் என்ன சொன்னார் என்பதை ஓர் அஞ்சலட்டையில் எனக்கு எழுதுங்கள். உங்களுக்கு எந்த ஊர் பிடிக்கும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.